பாணி நிறத்தில் எடுத்த கத்திகள்

எங்கள் பழைய தொழிற்கூடத்துக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்று பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கைத்துப்பாக்கி போல இருக்கிறது. உருக்குத் துண்டின் மேல் அதன் வாயை வைத்து விசையை அழுத்தினால் குரோமியம் எவ்வளவு, மங்கனீசு எவ்வளவு, நிக்கல் உண்டா இல்லையா என்று சின்னத் திரையில் வந்துவிடுகிறது. கொழும்புக்கு மாதிரி அனுப்பிவிட்டு நாங்கள் கிழமைக் கணக்கில் காத்துக் கிடந்த விடை, தும்மி முடிப்பதற்குள் கிடைக்கிறது. எனக்குச் சந்தோசம்தான். காபன் எவ்வளவு என்று கேட்டேன். அதை மட்டும் இந்தக் கருவியால் சொல்ல முடியாதாம். நான் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.

பிறகு அவர்களில் ஒரு பிள்ளை, "அப்ப சேர், போத்தலுக்குள்ள கத்தியத் தொங்கப் போட்டுக் கறள் எண்ணுற வேலைய இனி நிப்பாட்டலாம்தானே?" என்று கேட்டாள்.

கறள் என்றால் துரு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கருவி சொல்வது உருக்குக்குள் என்ன இருக்கிறது என்பதை. அந்த உருக்கை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதை அது சொல்லாது. இப்படி ஒரு வரியில் சொன்னால் கிழவன் புறுபுறுக்கிறான் என்று நினைப்பார்கள். ஆகையால் நடந்ததை எழுதுகிறேன்.

எண்ணுகிற பழக்கம் தொழிலால் வந்ததா பிறவியிலேயே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இடியப்பத்தை என் முன் வைக்கும்போதே எத்தனை என்று மனைவி சொல்லிவிடுவாள். சொல்லாவிட்டால் நான் எண்ணி முடிப்பதற்குள் சொதி ஆறிவிடுகிறது என்பது அவளுடைய குறை. களுதாவளையில் பிறந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தேன். தெற்கே ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் பயிலுநராக இருந்தேன். அங்கே சிங்களத்தில் ஏச்சு வாங்கவும், கடினம் அளக்கும் இயந்திரத்தைத் தூசு படாமல் வைத்திருக்கவும் பழகினேன். அவ்வளவுதான். ஊர் நிலைமை கொஞ்சம் தணிந்ததும் திரும்பி வந்து, கடலோடு கலக்கும் வாவியின் கரையில் இருந்த இந்தக் கத்தித் தொழிற்கூடத்தில் பரிசோதகராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான்.

நாங்கள் செய்தவை விறகு வெட்டும் மன்னாக்கத்தி, மீன் வெட்டும் கத்தி, இறைச்சிக் கத்தி. எல்லாம் கறுப்பு உருக்கில். பழைய லொறி வில்தகடுகளை வெட்டி அடித்துச் செய்வது. அது கறள் பிடிக்கும். பிடிக்கும் என்று வாங்குகிறவர்களுக்கும் தெரியும். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பார்கள். அதைப் பற்றி யாரும் எங்களிடம் முறையிட்டது கிடையாது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் பொறியியலாளர் திருமதி பரமேஸ்வரி. எல்லாருக்கும் அவர் மிஸ்தான். மெலிந்த உருவம், தாழ்ந்த குரல். ஒரு கத்தியை நல்லது என்றோ கூடாது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. போதும் என்பதற்கு "காணும்" என்பார், போதாவிட்டால் "காணாது" என்பார். கடின இயந்திரத்தில் முதல் வாசிப்பை எப்போதும் தள்ளிவிடச் சொல்வார். அது நன்றாக இருந்தாலும் தள்ள வேண்டும். ஒருமுறை, "நல்லா வந்திரிக்கே மிஸ், இதையும் சேத்தா என்ன?" என்று கேட்டேன். "கூடாம வந்திருந்தா தள்ளுவீங்கதானே மிஸ்டர் வடிவேல்? அப்ப இதையும் தள்ளுங்க" என்றார். ஒரு பரிசோதனை பாதியிலேயே முடிவைக் காட்டிவிட்டாலும் கடைசிவரை ஓடவிடுவார். அதுவரை அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. எனக்கு அது பெரிய தண்டனை.

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, மீன் பதப்படுத்தும் கம்பனி ஒன்று எங்களிடம் கத்தி கேட்டு வந்தது. கறள் படியும் கத்தியை அவர்கள் உள்ளே எடுக்க மாட்டார்கள். ஸ்டெயின்லெஸ் உருக்கில் வேண்டும் என்றார்கள். கொழும்பிலிருந்து இறக்குமதிக்காரர் ஒருவர் தகடுகள் அனுப்பினார். அந்த உருக்குக் கத்திக்கு உதவுமா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பாயிற்று.

நான்கு விதமாகப் பார்த்தோம். முதலாவது கடினம். வைர முனையைப் பாரத்தோடு அழுத்தி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதை முள் காட்டும். இரண்டாவது கூர் நிற்கும் காலம். கத்தியை ஒரு நெம்புகோலில் பூட்டி, ஒரே அளவு பாரத்தைத் தொங்கவிட்டுத் தேங்காய்த் தும்புக் கயிற்றை வெட்டுவோம். எத்தனையாவது வெட்டில் கயிறு ஒரே இழுப்பில் அறாமல் நிற்கிறதோ அதுவே கணக்கு. கயிறு எல்லாம் ஒரே சுருளில் இருந்துதான் வெட்ட வேண்டும். சுருள் மாறினால் தும்பு மாறும், தும்பு மாறினால் என் கணக்கு குப்பை. மூன்றாவது, நுனியைக் குறட்டில் இறுக்கி வளைத்துப் பார்ப்பது. நான்காவது கறள். நைலோன் நூலில் கட்டி அகலவாய்ப் போத்தலுக்குள் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கவிடுவோம். நீர்மட்டம் தொடும் இடத்தில்தான் கறள் முதலில் தலைகாட்டும். பிறகு, சதுரமாக வாய் வெட்டிய கடதாசி மட்டை ஒன்றைக் கத்தியின் மேல் வைத்து, அந்த வாய்க்குள் தெரியும் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லையால் பார்த்து எண்ணுவேன். ஊசிமுனை அளவானது ஒன்று. இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டால் அதுவும் ஒன்றா இரண்டா என்று எனக்கும் மிஸ்ஸுக்கும் ஒரு மத்தியானம் முழுக்க வாதம் நடந்தது. இரண்டு என்று தீர்ந்தது.

போத்தலுக்குள் ஊற்றியது வாவித் தண்ணீர். தொழிற்கூடம் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். எங்கள் கத்தியை வாங்குகிறவர்கள் வாவி மீன் வெட்டுகிறவர்கள், அந்தத் தண்ணீரிலேயே கழுவுகிறவர்கள். வேறு கரைசல் எதற்கு? பின்பக்கத்துத் துறையில் இறங்கி ஒரு கலன் மொண்டு வந்தால் முடிந்தது.

உருக்குத் தகடு வந்தது கார்த்திகை கடைசியில். பரிசோதனை மார்கழியில் நடந்தது. கடினம் சரி. கயிறு, கறுப்பு உருக்கு வெட்டியதைவிடச் சற்று அதிகம். வளைவு சரி. போத்தலில் ஒரு புள்ளியும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மிஸ், "காணும்" என்றார். முதல் தொகுதி செய்து கம்பனிக்கு அனுப்பினோம். பழக்கிப் பார்க்கச் சொல்லிக் கொஞ்சம் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களிடமும் கொடுத்தோம்.

ஆனி மாதம் காத்தான்குடி ஆதம்லெவ்வை வந்தார். மீன் வெட்டுவதில் அந்தச் சந்தையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எங்களுக்குப் பழைய வாடிக்கை. கத்தியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சேர், உங்கட கத்திக்கு அம்ம போட்டிரிக்கி. வேப்பிலை கட்டுறதா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறதா? நீங்க சொல்லுங்க."

பிரித்துப் பார்த்தேன். தகடெங்கும் செம்புள்ளி. சிரிக்க முடியவில்லை.

"கழுவித் துடைச்சு வெச்சீங்களா காக்கா?" என்றேன். அண்ணன் என்பதற்கு அவர்கள் ஊரில் காக்கா.

"என்ர பொஞ்சாதியக்கூட நான் இவ்வளவு பவுத்திரமா வெச்சதில்ல சேர்."

அதே கிழமை கம்பனியும் ஒரு பெட்டி கத்தியைத் திருப்பி அனுப்பியது. முதலாளி கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து ஏசினார். இறக்குமதிக்காரர் அமைதியாக, உருக்கில் ஒரு குறையும் இல்லை, உங்கள் ஆள் சூடு வைத்ததில்தான் குறை என்று சொல்லிவிட்டார். உங்கள் ஆள் என்றால் பேரின்பம்.

பேரின்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருக்கள்மடத்தான். எனக்கு முந்தியே அங்கே உலைக்கு நின்றவன். என் வயதுதான், ஆகையால் மச்சான் முறை வைத்துப் பேசிக்கொள்வோம். கத்தியைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடி போல இறுகும். கீழே விழுந்தால் உடையும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கி இளக்க வேண்டும். காய்ச்சுவது மின்னுலையில் நடந்தது. அதற்கு முகப்பு இருந்தது, புது உருக்குக்கு எவ்வளவு சூடு என்று மிஸ்ஸே திருப்பி வைத்தார். இளக்குவது மட்டும் பேரின்பத்தின் கண்ணில்தான். அடுப்பின் மேல் ஓர் இரும்புத் தட்டு, தட்டு நிறைய ஆற்றுமணல். மினுக்கிய கத்தியை முதுகுப்பக்கம் கீழாக மணலில் குத்தி வைப்பான். சூடு ஏற ஏறத் தகட்டில் நிறம் படரும். முதலில் தேன். பிறகு பாணி, காய்ச்சிய பாகின் பழுப்பு. அதற்குமேல் கத்தரிப்பூ. இந்தப் பெயர்கள் அவன் வைத்தவை. மீன் கத்தி பாணி நிறத்தில் எடுக்க வேண்டும், மன்னாக்கத்தி கத்தரிப்பூ தொடங்கும்போது. வாசலை அரைவாசி சாத்திவிட்டுக் குந்தியிருந்து பார்ப்பான். வெயில் உள்ளே விழுந்தால் நிறம் பொய் சொல்லும் என்பான். நிறம் வந்த கணத்தில் குறட்டால் பிடித்துத் தண்ணீரில் போடுவான். அவன் எடுத்த கத்திகளைக் கடின இயந்திரத்தில் வைத்தால் எல்லாம் ஒன்றுக்கொன்று ஓர் அலகு வித்தியாசத்துக்குள் நிற்கும். கறள் பிடித்து வந்த புதுக் கத்திகளையும் அளந்து பார்த்தேன். கடினம் மார்கழியில் எப்படியோ அப்படியே இருந்தது. அதுதான் எங்களைக் குழப்பியது.

மார்கழிப் பரிசோதனையில் ஒரு புள்ளியும் படாத அதே கத்திகள் அலுமாரிக்குள் இருந்தன. என்ன செய்கிறேன் என்று பெரிதாக யோசிக்காமல் அவற்றையே எடுத்து, புதிதாக மொண்டுவந்த தண்ணீரில் திரும்பவும் தொங்கவிட்டேன். கிழமை முடிவதற்குள் எல்லாவற்றிலும் கறள். அதே கத்தி, அதே உருக்கு, அதே சூடு. மாறியது தண்ணீர் ஒன்றுதான்.

வாவியோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாரியில் வெள்ளம் ஏறி, கடல் வாயில் மணல் அடைத்த முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு வாவியில் ஓடுவது பாதிக்குமேல் மழைத்தண்ணீர். ஆனி ஆடியில் அதே துறையில் கை நனைத்தால் காய்ந்தபின் தோல் வெளுக்கும். நான் அதோடு விடவில்லை. மார்கழிக் கலனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதிலிருந்தும் புதுக் கலனிலிருந்தும் ஒரே அளவு எடுத்து வற்றக் காய்ச்சினேன். ஒரு கிண்ணத்தில் விரலில் ஒட்டும் அளவு உப்பு. மற்றதில் கரண்டியால் அள்ளலாம். இரண்டையும் மிஸ்ஸின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

அவர் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முகத்துவாரம் வெட்டினதப் பார்க்க நானும் போனன் மிஸ்டர் வடிவேல். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. போட்டோகூட எடுத்தம். மறுகா இஞ்ச வந்து இந்தத் தண்ணியில போட்ட கத்தியப் பாத்துக் காணும் எண்டு சொல்லியிருக்கன்."

அன்றிலிருந்து வாவித் தண்ணீரை விட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் உப்பை நிறுத்துப் போட்டுத்தான் போத்தலுக்கு ஊற்றினோம். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கருவி பார்க்கப் போனபோது கேட்காமல் வந்துவிட்டேன்.

மார்கழியில் ஏன் தெரியவில்லை என்பதற்குத்தான் அது விடை. கறள் ஏன் பிடித்தது என்பதற்கு அல்ல. குறை உருக்கிலா, இளக்கிய சூட்டிலா? முதலாளி எங்கள் மூவரையும் கூப்பிட்டு, பேரின்பத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உருக்கு கூடாதெண்டா உருக்கத் திருப்பி அனுப்புவன். உருக்கு நல்லதெண்டா, சூடு வைக்கிற ஆள மாத்துவன். கம்பனிக்காரன் ஒரு தரம்தான் பொறுப்பான். ரெண்டில ஒண்டு வெளிய போகவேணும்."

அந்த வயதில் வெளியே போனால் அவனை யார் உலைக்கு வைப்பார்கள்? கிரானிலோ செங்கலடியிலோ மண்வெட்டி அடிக்கிற பட்டறைகளில் கூலிக்கு நிற்கலாம். அவ்வளவுதான்.

மிஸ் ஒரு பரிசோதனை வகுத்தார். ஒரே தகட்டிலிருந்து பன்னிரண்டு கத்திகள். எல்லாம் ஒன்றாக உலையில் காய்ச்சியவை. ஆறைப் பேரின்பம் வழக்கம்போல மணல்தட்டில் இளக்குவான். மற்ற ஆறையும் மிஸ்ஸே எண்ணெய்த் தொட்டியில் போட்டு, தண்டு நீண்ட வெப்பமானியைப் பார்த்து, இருநூறு பாகையில் வைத்து எடுப்பார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி மினுக்கி நிறத்தைப் போக்கிவிடுவார்கள். எந்தக் கத்தி யாருடையது என்று பிடிக்குள் போகும் வாலில் அரத்தால் வெட்டு அடையாளம் இடுவார்கள். அதன்மேல் மெழுகு வைத்துத் துணி சுற்றிக் கட்டி என்னிடம் தருவார்கள். எண்ணுகிற நான் யாருடையது என்று அறியக்கூடாது.

"என்னை நம்பல்லயா மிஸ்?" என்று கேட்டேன். எனக்கு உண்மையில் மனம் நொந்துதான் போயிற்று.

"உங்கள நம்புறன். பேரின்பம் உங்கட கூட்டாளி எண்டதையும் நம்புறன்" என்றார்.

கத்திகள் போத்தலில் இறங்கின. நான் எண்ணத் தொடங்கினேன். முதல் நாட்களில் ஒன்றுமில்லை. பிறகு, ஒரு போத்தலில் நீர்மட்டத்தில் ஒரு புள்ளி. மறுநாள் பக்கத்துப் போத்தலில். கிழமை முடியும்போது எனக்கு விசயம் விளங்கிவிட்டது. ஆறு கத்தி வெள்ளி போல நின்றன. ஐந்து கத்தியில் ஆதம்லெவ்வை சொன்ன அம்மை. இன்னும் ஒன்றில் மூன்றே மூன்று புள்ளி. எல்லாக் கத்தியிலும் கறள் வந்திருந்தால் உருக்கின் குறை. ஆறில் மட்டும் வந்தால் சூட்டின் குறை. எந்த ஆறு என்பதுதான் எனக்குத் தெரியாது. எண்ணெய்த் தொட்டியில் போட்டவையாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு எண்ணக்கூடாது என்று எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து எண்ணினேன்.

தேத்தண்ணி நேரத்தில் பேரின்பம் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"எப்பிடிப் போகுது மச்சான்?"

"சொல்லக்கூடாது."

"சொல்லாத. உன்ர மூஞ்சி சொல்லுது. நீ ஐஞ்சாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒண்டையும் ஒளிக்கத் தெரியாது."

"என்ர மூஞ்சி எப்பவும் இப்பிடித்தான்."

"அதுவும் சரிதான். கலியாண வீட்டுப் போட்டோவிலயும் இதே மூஞ்சிதான்." தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். பிறகு, "எனக்காகக் குறைச்சு எண்ணிப்போடாத, என்ன? மறுகா நான் உன்ர முகத்தில முழிக்கேலாது" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனான்.

கட்டு அவிழ்க்கிற அன்று முதலாளியும் வந்திருந்தார். பன்னிரண்டையும் மேசையில் வெள்ளைத் துணியில் வரிசையாகக் கிடத்தினோம். நான் ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் வாசித்தேன். பிறகு மிஸ் சொன்னார்: "பேரின்பம், நீங்களே அவிழுங்க."

அவன் துணியை அவிழ்த்து மெழுகை நகத்தால் சுரண்டினான். முதலில் எடுத்தது புள்ளி போட்ட கத்தி. வாலில் ஒற்றை வெட்டு. ஒற்றை வெட்டு அவனுடையது. இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவதுக்கு அவன் கை மெதுவாகப் போயிற்று. ஐந்தாவதுக்குப் பிறகு வெள்ளி போல நின்ற ஒன்றை எடுத்துச் சுரண்டினான். இரட்டை வெட்டு. அதைத் துணியில் துடைத்துத் திரும்ப வைத்தான்.

"அப்ப இரும்பில பிழை இல்ல" என்றான்.

முதலாளி எழும்பப் பார்த்தார். மிஸ் கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார். பரிசோதனை இன்னும் முடியவில்லை என்பதற்கு அவர் காட்டும் கை அது. மூன்று புள்ளிக் கத்தியை எடுத்துப் பேரின்பத்திடம் நீட்டினார். அதிலும் ஒற்றை வெட்டுத்தான்.

"இதுவும் உங்கடதான். இதில மட்டும் ஏன் மூண்டு?"

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதுகில் சுத்தியல் பட்ட சின்னத் தழும்பு ஒன்று இருந்தது. அதை வைத்து அடையாளம் கண்டான்.

"இது கடைசிக் கத்தி மிஸ். மணல் கரையில சரிஞ்சு அடி தெரிஞ்சுபோச்சு. கருகிப்போயிரும் எண்டு தேன் நிறத்திலயே எடுத்திட்டன். இது சரிவராது எண்டுதான் நான் நினைச்சன்."

"தேன்ல எடுத்ததுக்கு மூண்டு. பாணியில எடுத்ததுகளுக்கு நிறைய" என்றார் மிஸ், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு என்னைப் பார்த்து, "மிஸ்டர் வடிவேல், தொட்டியச் சூடாக்குங்க. ரெண்டு துண்டு வெட்டி மினுக்கிக் கொண்டுவாங்க. கறுப்பு ஒண்டு, புதுசு ஒண்டு" என்றார்.

அந்த மத்தியானம் நாங்கள் செய்தது இதுதான். இரண்டு துண்டையும் ஒன்றாகச் சூடாக்கினோம். தொட்டி எண்ணெய் தாங்கும் சூடுவரை தொட்டியில். அதற்குமேல், வெப்பமானி செருகிய மின்னுலையில். இருநூற்றைத் தாண்டியதும் கறுப்பு உருக்கில் தேன் வந்துவிட்டது. இருநூற்றைம்பதில் நல்ல பாணி. புது உருக்கு அந்த நேரம் வெறும் வெள்ளையாக நின்றது. முந்நூறைத் தாண்டிய பிறகுதான் அதில் தேன் தொடங்கியது. அது பாணியாகும்போது வெப்பமானி நானூற்றைம்பதுக்குக் கிட்டப் போயிருந்தது. கறள் பிடியாமல் காக்கிற அதே குரோமியம்தான் நிறத்தையும் பிந்த வைக்கிறது என்று மிஸ் விளக்கினார். பழைய நிறத்துக்காகக் காத்திருந்து, பேரின்பம் புதுக் கத்தியை இரண்டு மடங்குக்குக் கிட்டச் சூடாக்கியிருக்கிறான். அந்தச் சூட்டில் குரோமியம் காபனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், தகட்டைக் காக்க மிச்சம் இராது. ஆனால் இந்த வகை உருக்கில் அந்தச் சூடுவரை கடினம் மட்டும் குறையாது. அதனால்தான் இயந்திரத்து முள் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"சரி மிஸ், எனக்கு விளங்குது. அப்ப சரியான சூட்டில இதுக்கு என்ன நிறம்? அதைக் காட்டுங்க, நான் அதில எடுக்கிறன்" என்றான் பேரின்பம்.

"ஒரு நிறமும் இல்ல பேரின்பம். வெள்ளைதான்."

அவன் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். "நிறமே வராதெண்டா நான் என்னத்தப் பாத்துக்கொண்டிரிக்கிற?"

அதுவரை இருந்து பார்த்த முதலாளி தொண்டையைச் செருமினார். "மிஸ், நான் சொன்னது சொன்னதுதான். உருக்கு நல்லதெண்டு நீங்களே காட்டிட்டீங்க."

மிஸ் குரலை உயர்த்தவில்லை. "அவர் போறதெண்டா, அந்த நிறம் சரி எண்டு பாத்துக்கொண்டிருந்த நானும் போகவேணும். மாரித் தண்ணியில போட்டுப் பாத்த கத்திய அனுப்பச் சொன்னதும் நான்தான். புது உருக்கு வந்த நாள் ஒரு வெப்பமானியக் குடுத்து இதப் பாத்துச் செய்யுங்க எண்டு ஆரும் அவருக்குச் சொல்லல்ல. இப்ப சொல்லுவம். அடுத்த தொகுதியையும் அவரே செய்யட்டும். அதிலயும் கறள் வந்தா உங்கட விருப்பம்."

முதலாளி எதையோ கணக்குப் பார்ப்பவர் போலத் தரையைப் பார்த்தார். "ஒரு தொகுதி" என்றார். "ஒண்டே ஒண்டு." போய்விட்டார்.

மறுநாள் பேரின்பம் மூக்குக்கண்ணாடியோடு வந்தான். அதுவரை அவன் கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. தூரத்து நிறத்தை மயிரிழைக்குப் பிரித்தறிகிற கண்ணுக்குக் கிட்டத்து இலக்கம் தெரியாது என்பதை அவன் எங்களுக்குச் சொல்லியதும் இல்லை. எண்ணெய்த் தொட்டிக்கு மேல் குனிந்ததும் கண்ணாடியில் புகை படிந்தது. கழற்றித் துடைத்தான். குனிந்தான். மறுபடி படிந்தது. உலைப் பக்கத்துப் பெடியன்கள் சிரித்தார்கள். "சிரிங்கடா, சிரிங்க. உங்களுக்கும் ஒரு நாள் வரும்" என்றான், கோபமில்லாமல். பிறகு என்னிடம் வந்தான்.

"மச்சான், அந்த இருநூறு நிக்கிற இடத்தில ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தா."

வெப்பமானியின் முகப்பு மணிக்கூடு போல வட்டமானது. கண்ணாடியின் மேல் கோடு போட்டால் சாய்ந்து பார்க்கும்போது முள்ளும் கோடும் விலகித் தெரியும். அதனால் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே தகட்டிலேயே மெல்லிய தூரிகையால் போட்டேன். எனக்குக் கை நடுங்காது. இருந்தாலும் கோடு நினைத்ததைவிடச் சற்றுத் தடித்துவிட்டது. ஒரு கோட்டுக்குள் நான்கு பாகை அகப்பட்டுவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் போடவா என்று கேட்டேன்.

"முள்ளு சிவப்புக்குள்ள போறதுக்கு முந்தி எடுக்கிறதா, போனப்புறமா?" என்று கேட்டான்.

"உள்ளே போகக்கூடாது. தொடும்போது எடு."

"அப்ப காணும். அழிக்காத."

அந்தத் தொகுதி முழுவதையும் அவன் நின்றுகொண்டே செய்தான். குந்தவில்லை. அரைவாசி சாத்திய வாசலை முழுதாகத் திறந்துவிட்டிருந்தான். இனி வெயில் விழுந்தால் என்ன. கத்தியை அவன் பார்க்கவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு, கையால் தடவிக் குறட்டை எடுத்தான். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும்.

அதிலிருந்து ஆறு கத்தியை எடுத்து, உப்பு நிறுத்துப் போட்ட போத்தல்களில் இறக்கினோம். தேவைக்கும் அதிக நாள் வைத்தோம், அது மிஸ்ஸின் கட்டளை. எண்ணுகிற அன்று பேரின்பம் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்து, கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் மட்டையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் கத்தி வெறும் தகடு. இரண்டாவதும். ஆறாவது முடிந்ததும் அவன் எழும்பினான்.

"இரு" என்றேன். "ஒரு பக்கம்தான் முடிஞ்சிரிக்கு."

அவன் திரும்ப உட்கார்ந்தான். நான் கத்திகளை மறுபக்கம் திருப்பினேன்.